விருந்தினர் வருமுன் எங்கே கை வைப்பது?

வீடு முழுக்கப் பளபளக்க வேண்டும் என்று இறங்கினால் பாதியிலேயே ஓய்ந்துவிடுவீர்கள். வருகிறவர்கள் புழங்குவது வாசல், கூடம், குளியலறை. தங்கினால் ஒரு படுக்கையறை. மற்ற அறைகளைச் சாத்திவிடுங்கள், தப்பே இல்லை.

குளியலறைதான் முதல் வேலை. கழிப்பறைக் கோப்பையின் விளிம்புக்கு அடியில் கிளீனரை ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். ஊற்றியதுமே தேய்த்தால் கறை இளகாது, கைதான் வலிக்கும். குழாயில் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்துச் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். மார்பிளில் வினிகர் படக்கூடாது, மெருகு போய்விடும். அமிலக் கிளீனரையோ வினிகரையோ பிளீச்சோடு கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

கூடத்தில் மின்விசிறியில் தொடங்குங்கள். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். தரை கடைசிதான். துடைத்த தரை கோடு கோடாகத் தெரிகிறதா? வாளித் தண்ணீர் அழுக்காகிவிட்டது அல்லது சோப்பு அதிகம். அறைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

விருந்தினர் இருக்கும் நாட்களில் பெரிய சுத்தமெல்லாம் வேண்டாம். குளியலறையில் ஒரு வைப்பரும் மூடியுள்ள குப்பைக்கூடையும் கண்ணில் படும்படி வையுங்கள். சொல்லாமலே பாதி வேலை நடந்துவிடும். இரவு சிங்க்கைக் காலி செய்து, குப்பையை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள்.