எக்செல் தாளில் பாவ்லோவின் நாய்: உளவியல் வகுப்புக்கு நீங்களே செய்யும் கணினிச் சோதனை

பாவ்லோவின் நாயைத் தெரியாத உளவியல் மாணவர் இல்லை. மணி அடிக்கும், உணவு வரும், நாளடைவில் மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும். ஆனால் “முதல் தடவை கற்றுக்கொண்டதும் பத்தாவது தடவை கற்றுக்கொண்டதும் ஒரே அளவா?” என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். இப்படிப் பழக்கத்தால் கற்பதை ஆக்கநிலையிறுத்தல் என்பார்கள்; அதன் வரையறையை மனப்பாடம் செய்தவர்களுக்கும் இதற்குப் பதில் தெரியாது. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டாம், எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும்.

இதற்கு அடிப்படை, உளவியலாளர்கள் ராபர்ட் ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் 1972இல் வெளியிட்ட ஒரு விதி. எதிர்பார்த்ததற்கும் உண்மையில் கிடைத்ததற்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அதில் ஒரு பங்குதான் ஒவ்வொரு தடவையும் கற்றலாகச் சேர்கிறது. விதி இவ்வளவுதான்.

படி 1: தாளைத் தயார் செய்தல்

மூன்று பத்திகள் போதும். முதல் பத்தியில் தடவை எண், 0 முதல் 20 வரை. இரண்டாவதில் உணவு: 1 முதல் 10 வரை 100 (உணவு வருகிறது) என்றும், 11 முதல் 20 வரை 0 (உணவு இல்லை) என்றும் நிரப்புங்கள். மூன்றாவது பத்திக்கு ‘மணி’ என்று தலைப்பிடுங்கள். மணி கேட்டதும் நாய் எவ்வளவு உணவை எதிர்பார்க்கிறது என்பதுதான் அதில் வரும். தடவை 0க்கு நேராக அங்கே 0 போடுங்கள். தள்ளி ஒரு தனிக் கட்டத்தில் 0.3 என்று எழுதுங்கள். இது கற்கும் வேகம்.

படி 2: சூத்திரம்

தடவை 1க்கு நேராக, மூன்றாவது பத்தியில் நில்லுங்கள். சமக்குறி போட்டு, மேலே 0 உள்ள கட்டத்தைச் சொடுக்குங்கள். கூட்டல் குறி போட்டு வேகக் கட்டத்தைச் சொடுக்கி, உடனே எஃப்4 விசையை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். எஃப்4ஐ விட்டுவிட்டால், கீழே இழுக்கும்போது வேகக் கட்டமும் சேர்ந்து நகர்ந்து கணக்கு கெட்டுவிடும். அப்புறம் பெருக்கல் குறி, அடைப்புக்குறி. அதற்குள் அதே வரியின் உணவுக் கட்டம், கழித்தல் குறி, மேலே உள்ள 0 கட்டம். அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டினால் 30 வர வேண்டும்.

அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்து 20 வரை இழுங்கள். 30, 51, 65.7, 75.99 என்று ஏறிப் பத்தாவது தடவையில் 97.2 ஆகும். பிறகு உணவு நின்றுவிடுவதால் இறங்கி இருபதாவதில் 2.7க்கு வரும். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து இன்செர்ட் மெனுவில் கோட்டு வரைபடம் போட்டுவிடுங்கள்.

படி 3: முதலில் ஊகம், பிறகு திரை

வரைபடத்தை உடனே காட்ட வேண்டாம். கோடு எப்படிப் போகும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் வரையச் சொல்லுங்கள். சீராக மேலேறும் நேர்கோடுதான் பல நோட்டுகளில் இருக்கும். அதற்குப் பிறகு திரையில் வளைகோட்டைப் பார்க்கும்போது, ஏன் போகப் போக ஏற்றம் குறைகிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். இந்த ஊகத்துக்கு நேரம் ஒதுக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தவிட்டால், மாணவர்கள் படம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பாடத்தில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

வேகத்தை 0.1 ஆக்கினால் பத்தாவது தடவையில் 65தான் வரும். 0.5 ஆக்கினால் கிட்டத்தட்ட 100. இதற்கும் முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லுங்கள்.

படி 4: விளக்கைச் சேர்த்தல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வேகத்தைப் பழையபடி 0.3 ஆக்கி, தாளை நகலெடுத்து, இருபது தடவையும் உணவு 100 என்று மாற்றுங்கள். நான்காவதாக ‘விளக்கு’ என்றொரு பத்தி. தடவை 10 வரை அதில் 0. பதினோராவது தடவையிலிருந்து மணியும் விளக்கும் ஒன்றாக வருகின்றன. ஆகவே அந்த வரியிலிருந்து இரண்டு பத்திகளிலும், அடைப்புக்குறிக்குள் உணவிலிருந்து மேல் வரியின் மணி, விளக்கு இரண்டையுமே கழியுங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே மட்டும் அவரவர் பத்தியின் மேல் எண்.

இப்போது கேளுங்கள்: விளக்கும் பத்துத் தடவை உணவோடு வந்திருக்கிறதே, நாய் அதைக் கற்றிருக்குமா? கற்றிருக்கும் என்று பல கைகள் உயரும். தாளில் விளக்கின் மதிப்பு சுமார் 1.4 அளவிலேயே நின்றுவிடும். முதல் தடவையிலிருந்தே இரண்டும் சேர்ந்து வந்திருந்தால், பத்தே தடவையில் விளக்குக்கு 50 கிடைத்திருக்கும். அதையும் இன்னொரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

மணியே உணவை முன்கூட்டிச் சொல்லிவிடுவதால் விளக்கு சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. உளவியலாளர் லியோன் கேமின் 1960களில் எலிகளிடம் ஒலி, வெளிச்சம், மின் அதிர்ச்சி ஆகியவற்றை வைத்து இதைத்தான் கண்டார். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தாலே கற்றல் நிகழ்ந்துவிடும் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடையும்.

படி 5: விதி எங்கே தோற்கிறது?

சரி, முதல் தாளுக்குத் திரும்புங்கள். இருபதாவது தடவையில் 2.7. சில நாள் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி மணி அடித்தால் என்ன ஆகும்? சூத்திரத்தில் காலத்துக்கு இடமே இல்லாததால் தாள் அதே 2.7ஐத்தான் சொல்லும். நிஜ நாய்க்கோ எச்சில் மறுபடி ஊறும். அடங்கிப்போன பழக்கம் ஓய்வுக்குப் பிறகு தானே திரும்புவதைப் பாவ்லோவே பார்த்திருக்கிறார். மாணவர்களை மூன்று நான்கு பேராகப் பிரித்து, இதைக் கணக்கில் கொண்டுவர எந்தப் பத்தியைச் சேர்க்கலாம் என்று முயலவிடுங்கள். ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட்டால் ஒருவர் தாளை இன்னொருவர் கலைக்க மாட்டார்.