உண்டியல் ஏந்தும் முன்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்ட மறுவாரம், எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) மாணவர்கள் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் உண்டியல் ஏந்தி நின்றோம். அன்று பட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது இறங்கப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் ஒவ்வொரு குழுவிடமும் இருக்கட்டும். எதற்காக வசூல், எந்தெந்த நாள், பணம் எங்கே போகிறது என்பது அதில் இருக்க வேண்டும். காவல் நிலையத்திலும் பேருந்து நிலைய அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரயில் நிலையம் என்றால் அங்கே தனியாக அனுமதி வாங்க வேண்டும். அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும்.

அடுத்தது உண்டியல். மூடியில் நாலாக மடித்த நோட்டு நுழையும் அளவுக்கு மட்டும் கீறுங்கள். மூடியைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டி, அதன்மேல் ஆசிரியர் கையெழுத்துப் போடட்டும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, யாரிடம் எந்த எண் என்று நோட்டில் எழுதுங்கள். காலி உண்டியல் நாலைந்து கூடுதலாக வைத்திருங்கள். நாங்கள் வைத்திருக்கவில்லை. முதல் நாளே ஒன்று நிரம்பிவிட, இரண்டு பேர் பட்டையைக் கிழித்துப் பணத்தைப் பையில் கொட்டிவிட்டார்கள். ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க மாட்டார்கள், இன்றும் நம்புகிறேன். ஆனால் அதில் எவ்வளவு இருந்தது என்று கேட்டபோது அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அந்த இருவரும் தலை நிமிரவில்லை. தப்பு எங்கள் ஏற்பாட்டில்தான்.

சில்லறை கேட்பார்கள். ஒரு பூக்காரம்மா சுருக்குப்பையைப் பிரித்து ஐம்பது ரூபாயை எடுத்து, “பத்து எடுத்துக்கிட்டு மிச்சம் குடு சாமி” என்றார். உண்டியலைத் திறக்கக் கூடாது, அவரைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை. எதிர் டீக்கடைக்கு ஓடி மாற்றி வந்து கொடுத்தோம். பத்து ரூபாயைத் தன் கையாலேயே உள்ளே போட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும். கொடுப்பவர் கைதான் போட வேண்டும்.

வழியை மறிக்காதீர்கள். மூட்டையோடு ஓடுபவரையும், டிக்கெட்டுக்குக் காசு எண்ணுபவரையும் விட்டுவிடுங்கள். பேருந்துக்குள் ஏறினால் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் பேசினால் போதும். “புயல் நிவாரணம்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “பேராவூரணிப் பக்கம் தென்னை எல்லாம் சாஞ்சு கிடக்குங்க” என்றபோதுதான் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் பணம் அனுப்புவோருக்குக் கல்லூரிக் கணக்கின் கியூஆர் மட்டும். மாணவர் யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம்.

அன்று மாலையே எண்ணிவிடுங்கள். ஆசிரியர் முன்னால், வேறு குழுவைச் சேர்ந்த இருவர் பட்டையை அறுத்து, நோட்டைத் தனியாகவும் நாணயத்தைப் பத்துப் பத்தாகவும் அடுக்கி எண்ணட்டும். உண்டியல் எண்ணுக்கு நேரே தொகை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். கிழிந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வங்கியில் மாற்றலாம். மறுநாளே கட்டிவிடுங்கள். நாங்கள் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு வரைவோலையாக அனுப்பினோம். பெரிய தொகை தர வருபவரை உண்டியலில் போடச் சொல்லாமல், அந்த நிதிக்கே காசோலையாகத் தரச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது.

அப்புறம், மொத்தத் தொகையை ஒரு தாளில் பெரிதாக எழுதி, நின்ற இடத்துக்கே திரும்பிப் போய் டீக்கடையில் கேட்டு ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களிடம் வாயால் சொல்லுங்கள். அந்தப் பூக்காரம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டதே, “எவ்வளவு சேந்துச்சு சாமி?” என்றுதான்.