கொழும்புல இருந்தே மத்தவங்க சமயத்த அறியத் தொடங்குறது எப்படி

உலக சமயங்கள பத்தி படிக்கணும்னு வாற பிள்ளைகள் முதல்ல கேக்குறது எந்தப் புக் வாங்குறதுன்னுதான். புக்க பிறகு பாக்கலாம், முதல்ல ஒரு நாள் காலையில வெள்ளன கொச்சிக்கடையில இறங்கி நடங்க. அந்தோனியார் கோயில்ல இருந்து கொஞ்ச தூரத்துல பொன்னம்பலவாணேசர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால திருப்பிக் கட்டினது, அங்கால செட்டியார் தெருவுல நகைக்கடைகளுக்கு நடுவுல பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும், அப்பிடியே புறக்கோட்டைக்கு இறங்கினா இரண்டாம் குறுக்குத் தெருவுல சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், 1909ல கட்டி முடிச்சது. கொட்டாஞ்சேனப் பக்கம் ஏறினா தீபதுத்தாராமய பன்சல, அதான் பௌத்த விகாரை. இவ்வளவும் நடந்து போற தூரம். உலகத்துல எத்தன பேருக்கு இப்பிடி ஒரு வசதி இருக்கு சொல்லுங்க, நாங்க இதுக்குள்ளயே பொறந்து வளந்தும் பாதிப் பேர் இந்தக் கதவுகளுக்கு வெளியால மட்டும்தான் நடந்திருக்கிறோம்.

போறதுக்கு முன்னால சில விஷயம். தோள், முழங்கால் மறையிற உடுப்பு. பள்ளிக்கு வெள்ளிக்கிழம ஜும்மா நேரம் பாத்துப் போய் நிக்காதீங்க, தொழுகை இல்லாத நேரமா கேட்டுட்டுப் போங்க, பொம்பளப் பிள்ளைகள் ஒரு ஷோல் கொண்டு போங்க. பன்சலையில தொப்பி, செருப்பு ரெண்டும் கழட்டணும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே வேணாம். அந்தோனியாருக்கு செவ்வாய்க்கிழம நல்ல நாள், எல்லாச் சமய ஆக்களும் வந்து மெழுகுதிரி கொளுத்துறத கண்ணால பாக்கலாம், ஆனா பூசையில நன்மை (அப்பம்) குடுக்கிற நேரம் நீங்க கத்தோலிக்கர் இல்லன்னா வரிசையில போகாம இருந்த இடத்துலயே இருங்க. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்னைக்கு குண்டு வெடிச்ச கோயில் அது. அங்க வாறவங்கள்ல சொந்தக்காரரப் பறிகொடுத்தவங்களும் இருக்கலாம், அதனால கேமராவ பேக்குக்குள்ள வச்சிட்டு சும்மா கொஞ்ச நேரம் இருந்திட்டு வாங்க.

இனித்தான் முக்கியமான விஷயம். யாரையும் பாத்து "நீங்க என்ன நம்புறீங்க"ன்னு தொடங்காதீங்க. அப்பிடிக் கேட்டா பரீட்சை மாதிரி ஆகிடும், பாவம் அவங்களும் பாடப்புத்தகத்துல இருக்கிறதத்தான் ஒப்புவிப்பாங்க. "இத எப்பிடிச் செய்வீங்க, எனக்குக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ஒருக்கா போயா, அதான் பௌர்ணமி, அன்னைக்கு பக்கத்து வீட்டு சிங்கள அக்காவோட பன்சலைக்குப் போனேன், பூத்தட்ட என் கையில தந்தா. மோந்து பாக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும், எங்கட கோயில்லயும் அதே வழக்கம்தானே. பூவ வச்சிட்டு ஏதோ திரும்ப வாங்கிட்டுப் போகணும்கிற மாதிரி நான் நின்டேன், பிரசாதத்துக்கு நின்டு பழகின கை. அவ மெல்ல சொன்னா, இது திரும்பி வராது, இந்தப் பூ வாடுற மாதிரி இந்த உடம்பும் வாடும்னுதான் நாங்க பாலி மொழியில சொல்லி வைக்கிறதுன்னு. அதே தாமரை, அதே தட்டு, எங்களுக்கு அது சாமிக்குக் குடுத்து வாங்குறது, அவங்களுக்கு அது வாடுறதே பாடம். பௌத்தத்துல அநித்தியம், எதுவும் நிலைக்காதுங்கிறது, என்னன்னு நான் எத்தனையோ தரம் வாசிச்சிருக்கிறேன், அன்னைக்குத்தான் விளங்கிச்சு.

அடுத்தது சொல்லுகள்ல கவனம். இலங்கையின்ட பூர்வீகக் குடிகளான வேடர் பத்தி எழுதுறவங்க நிறையப் பேர் விழுற குழி இது. தம்பான பக்கம் இருக்கிற வேடர், தங்கள வன்னியல எத்தோன்னு சொல்றவங்க, "நே யக்கு"ன்னு சிலரக் கும்புடுவாங்க. சிங்களத்துல யக்கான்னா பேய், அந்த அர்த்தத்துலயே எடுத்து "வேடர் பேய் வழிபாடு செய்வாங்க"ன்னு எழுதிட்டுப் போயிடுறாங்க, நானும் ஒரு காலம் பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தேன், அது பிழை. நே யக்குன்னா செத்துப்போன அவங்கட சொந்தங்கள், அப்பா, பாட்டன், மாமன். கிரி கொரஹான்னு ஒரு சடங்கு இருக்கு, சட்டியில தேங்காப்பால் வச்சு அத சுத்தி ஆடி அந்த முன்னோர்கள வரவழைப்பாங்க, வேட்டைக்கும் தேனுக்கும் துணை கேப்பாங்க. காடு இல்லாட்டி இந்தச் சமயத்த எங்க வச்சுச் செய்றது? 1983ல மாதுரு ஓயாவ தேசிய வனமா ஆக்கினதோட அவங்க வேட்டையாடித் திரிஞ்ச காடு கை விட்டுப் போச்சு, அத சமய சுதந்திரப் பிரச்சினையாவும் பாக்கணும்னு நான் நினைக்கிறேன். அதோட இது எங்களுக்குத் தூரத்துக் கதையும் இல்ல, வாகரைப் பக்கம் தமிழ் பேசுற வேடர் இருக்கிறாங்க, கதிர்காமத்து வள்ளியம்மாவ வேடப் பொண்ணுன்னுதானே நாங்களே பாடுறோம். அதனால இவங்கள "ஆதிகால மனுசர்"னு கடைசிப் பக்கத்துல போடாம, மத்தச் சமயங்களோட ஒரே வரிசையில வச்சுப் படிங்க.

இப்ப ஆக்கள ஒண்டா இருத்திக் கதைக்கிற விஷயம். விவாதம் வேற, உரையாடல் வேற. 1873ல பாணந்துறையில மிகெட்டுவத்தே குணானந்த தேரர்ங்கிற பௌத்த பிக்குவுக்கும் கிறிஸ்தவப் போதகர்மாருக்கும் நடந்தது விவாதம், ஆயிரக்கணக்குல சனம் கூடி யார் வெண்டதுன்னு பாத்தது. அந்தத் தேரர் இருந்த பன்சலதான் நான் மேல சொன்ன தீபதுத்தாராமய. பத்து வருஷம் கழிச்சு 1883 ஈஸ்டர் அன்னைக்கு அதே கொட்டாஞ்சேனையில பௌத்த ஊர்வலம் போக கத்தோலிக்கரோட கலவரமாச்சு. விவாதம் தேவைப்பட்ட காலமும் இருந்திருக்கலாம், ஆனா உங்கட வீட்டு ஹோல்ல அது வேணாம்.

அஞ்சாறு பேர் போதும். சாப்பாட்ட மரக்கறியா வைங்க, ஹலாலா இல்லையா, மாட்டிறைச்சியா இல்லையாங்கிற யோசன யாருக்கும் வராது. நோன்பு காலம்னா மஹ்ரிபுக்கு, அதான் நோன்பு திறக்கிற அந்தித் தொழுகைக்கு, பிறகு கூடுங்க. அவங்கவங்க தன்ட வீட்டுப் பழக்கத்த மட்டும் சொல்லணும், "இஸ்லாத்துல இப்பிடி"ன்னு மத்தவர் சொல்லக்கூடாது. முதல் தலைப்பு என்னன்னு கேட்டா நான் எப்பவும் சொல்றது செத்த வீடு. கடவுள்னு தொடங்கினா பத்து நிமிஷத்துல முறைச்சுக்கொள்ளுவாங்க, செத்த வீட்டுக் கதையில எல்லாருக்கும் சொல்ல இருக்கும். பிக்குமாருக்குச் சாப்பாடு குடுக்கிற ஏழாம் நாள் தானம், மூணு மாசத் தானம்னு ஒரு பௌத்தர். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சடங்குன்னு யாழ்ப்பாணத்து ஆக்கள், எங்களுக்குப் பதினாறாம் நாள் கருமாதின்னு மலையகத்து ஆக்கள். நவம்பர் 2 கல்லறையில மெழுகுதிரின்னு ஒரு கத்தோலிக்கர். நாப்பதாம் நாள் கத்தம், அதான் செத்தவருக்காகக் குர்ஆன், ஓதுவோம்னு ஒரு முஸ்லிம் தாத்தா (அக்காவ அவங்க அப்பிடித்தான் கூப்பிடுறது) சொல்ல, அவட சொந்தத் தம்பியே அது மார்க்கத்துல இல்லன்னு சொல்லுவார், அந்த இடத்துல நீங்க நடுவுல பூந்து தீர்ப்பு சொல்லாதீங்க, ஒரு சமயத்துக்குள்ளயும் பல பேச்சு இருக்குன்னு எல்லாரும் நேர்ல காணுற நேரம் அது.

இன்னொண்டு, "எல்லாம் ஒண்டுதான்"னு அவசரப்பட்டு சொல்லிடாதீங்க. எங்கட கூட்டத்துல ஒருக்கா அதே சிங்கள அக்கா செத்த வீட்டுல கூஜாவுல இருந்து கோப்பைக்குத் தண்ணி வழிய வழிய ஊத்துறத சொன்னா, எங்கட ஆள் ஒருத்தர் உடனே "அது தர்ப்பணம்தானே"ன்னார். அவ கொஞ்சம் யோசிச்சிட்டு, இல்ல, அந்தத் தண்ணி அவங்களுக்குக் குடிக்க இல்ல, மேட்டுல பெஞ்ச மழை பள்ளத்துக்கு ஓடுற மாதிரி நாங்க செஞ்ச புண்ணியம் அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்னு ஊத்துறதுன்னா. அதுக்குப் பிறகு அவரும் தன்ட அப்பாவுக்கு ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடுறத, கையில தர்ப்பைய எப்பிடிப் பிடிக்கிறதுங்கிறதுல இருந்து ஒவ்வொண்டா சொல்லத் தொடங்கினார், பிளேன்டீ ஆறிப்போகுற வரைக்கும் யாரும் கப்பத் தொடல்ல.