மலைவீட்டுக்குப் புதிய வெந்நீர்ப் பாய்லர்: பழையதை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சூரியநெல்லி, தேவிகுளம், மூணாறு, வட்டவடை என்று நீளும் தமிழக-கேரள எல்லை மலைகளில் தமிழ்க் குடும்பங்கள் வெந்நீருக்கு நம்பியிருப்பவை நான்கு: விறகில் எரியும் செம்புப் பாய்லர், மின்சாரக் கீசர், சமையல் வாயுவில் இயங்கும் கீசர், கூரைமேல் வைக்கும் சோலார் ஹீட்டர். பழையது பழுதாகிப் புதியது வாங்க வேண்டி வந்தால், பெரும்பாலோர் போடியிலோ தேனியிலோ உள்ள உறவினர் வீட்டில் இருப்பதையே கேட்டு வாங்கிவருகிறார்கள். அங்கே நன்றாக வேலை செய்யும் சாதனம் இங்கே ஏன் போதாமல் போகிறது என்பதை விளங்கிக்கொள்வதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும்.

காரணம் குழாயில் வரும் பச்சைத் தண்ணீரின் குளிர்தான். குளிப்பதற்கு ஏறத்தாழ 40 டிகிரி வெப்பம் போதும். கீசர் 60 டிகிரி வரை சூடாக்கித் தரும் நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்துதான் அந்த 40 டிகிரியை அடைகிறோம். அடிவாரத்தில் பச்சைத் தண்ணீர் 26 டிகிரியில் இருந்தால், 25 லிட்டர் கீசர் ஒன்று ஏறத்தாழ 60 லிட்டர் குளியல் நீரைத் தரும். அதாவது 20 லிட்டர் வாளியில் மூன்று வாளி. மார்கழி, தை விடியலில் ஓடைத் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கிவிட்டால், அதே கீசர் தருவது 43 லிட்டர்தான். இரண்டு வாளிக்குச் சற்று மேல். 15 லிட்டர் கீசராக இருந்தால் 26 லிட்டரோடு தீர்ந்துவிடும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன், குளிர்காலத்தின் ஒரு விடிகாலையில் குழாய் நீரை ஒரு வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாங்கும் முடிவு முழுவதும் அந்த ஓர் எண்ணைச் சார்ந்திருக்கிறது.

அடுத்ததாக, பழையது உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரக் கீசரில் தண்ணீர் சூடாகவில்லை என்றால் பெரும்பாலும் நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான எலிமெண்டோ, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ போயிருக்கும். இரண்டும் தனியே வாங்கி மாற்றக்கூடியவை, முழுக் கீசரின் விலையோடு ஒப்பிட்டால் செலவு சிறியது. உள்தொட்டியே அரித்துத் தண்ணீர் கசிந்தால் மட்டும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அப்போதும் அது ஏன் அரித்தது என்று கேட்டுவிடுவது நல்லது. எனாமல் பூசிய உள்தொட்டிகளில் மெக்னீசியக் கம்பி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. கம்பி கரைந்து தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டியின் பக்கம் திரும்புகிறது. வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்க்கும் வீடுகள் மிகக் குறைவு. எத்தனையோ கீசர்கள் காலத்துக்கு முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போவது இதனால்தான். மலை ஓடை நீர் பொதுவாக மென்னீர் என்பதால், அடிவாரத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் போல எலிமெண்டில் சுண்ணாம்பு படிவது இங்கே குறைவு. ஆனால் மென்னீருக்கு உலோகத்தை மெல்லக் கரைக்கும் குணம் உண்டு. செம்புக் குழாயோ செம்புத் தொட்டியோ உள்ள வீட்டில் கைகழுவும் பீங்கான் தொட்டியில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் செம்பு கரைகிறது என்று பொருள்.

மின்சாரக் கீசரே வேண்டும் என்று தீர்மானித்தால், நான்கு பேர் ஒரே காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படும் மலைவீட்டுக்கு 50 லிட்டர் அளவைப் பரிந்துரைப்பேன். 12 டிகிரி தண்ணீரிலும் அது நான்கு வாளிக்கு ஈடுகொடுக்கும். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 25 லிட்டர் சரியாக இருக்கும். 3 கிலோவாட் திறனுள்ள சிறிய உடனடிக் கீசரை மலையில் குளிப்பதற்கு வாங்க வேண்டாம். 12 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்றும்போது அதால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தர முடியும். ஒரு வாளி நிரம்பப் பதின்மூன்று நிமிடம் ஆகும். அடுக்களையில் பாத்திரம் கழுவ மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மின்னழுத்தம் குறைவதை மலைவாசிகள் எல்லோரும் அறிவார்கள், ஆனால் கீசர் வாங்கும்போது அதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் சிலரே. எலிமெண்டின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் தரும் எலிமெண்ட், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1.2 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். 12 டிகிரியில் உள்ள 25 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, முழு அழுத்தத்தில் 42 நிமிடம் ஆனால், குறைந்த அழுத்தத்தில் அது ஒரு மணி நேரத்தையும் தாண்டும். இதனால் எலிமெண்ட் கெடாது, காத்திருப்பு மட்டும் கூடும். ஆகவே கீசருக்கென்று ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையில்லை, சற்று முன்னதாக சுவிட்சைப் போட்டால் போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் டிஜிட்டல் திரையும் ரிமோட்டும் உள்ள வகைகளைவிட, கையால் திருகும் தெர்மோஸ்டாட் உள்ள எளிய வகையே நெடுநாள் உழைக்கும். உணர்திறன் மிக்க மின்னணு அட்டைதான் முதலில் போகும், அதற்கு மாற்று அட்டை மலைக்கு வந்து சேர நாளாகும். ஐப்பசி இடிமின்னல் காலத்தில் பயன்படுத்தாத நேரமெல்லாம் கீசரின் இணைப்பைத் துண்டித்து வைப்பது எந்த வகைக்கும் நல்லது.

3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். பழைய லயங்களில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், விளக்குக்கென்று இழுத்த மெல்லிய ஒயரில் இதை மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயரும், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி. சுவிட்சும் வேண்டும், அதே இணைப்பில் அறையைச் சூடாக்கும் ஹீட்டரையும் சேர்த்து மாட்டுவது தீ விபத்தை அழைப்பதாகும். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக அமைவது கடினம் என்பதால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எந்தக் கீசரையும் இயக்க வேண்டாம். வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தமானதாக இருந்தால், ஒயரிங்கைத் தொடுமுன் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசர் 35 கிலோவை எட்டும். மண்சாந்தில் கட்டிய கல்சுவரில் சாதாரண ஆணியோ சிறிய திருகோ அதைத் தாங்காது.

ஓடையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ ஓஸ் போட்டு நேரே தண்ணீர் எடுக்கும் வீடுகளுக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். ஊற்று வீட்டுக்கு 60 மீட்டர் மேலே இருந்தால், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் இரவில் ஆறு பார் அழுத்தம் கீசரின்மேல் நிற்கிறது. தண்ணீர் சூடாகி விரியும்போது அது இன்னும் ஏறும். கூரைமேல் ஒரு தொட்டியில் தண்ணீரை விழவிட்டு, அங்கிருந்து கீசருக்கு இறக்கினால் இந்தத் தொல்லை நீங்கிவிடும், மணலும் சருகும் தொட்டியிலேயே தங்கிவிடும். அழுத்தம் கூடினால் திறந்து கொட்டும் பாதுகாப்பு வால்வை, சொட்டுகிறது என்பதற்காக எவரும் அடைத்துவிடக் கூடாது.

வாயுக் கீசரைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செலவைப் பார்த்தால் அது கவர்ச்சியானது: 12 டிகிரி நீரில் ஒரு வாளிக் குளியலுக்கு ஏறத்தாழ 65 கிராம் வாயு போதும், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 200 வாளிக்கு மேல் தரும். மின்வெட்டு நேரத்திலும் வேலை செய்யும், ஏனெனில் தீப்பொறிக்குச் சாதாரண டார்ச் பேட்டரி போதும். ஆனால் எரியும் வாயுவுக்குப் போதிய காற்று கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வருவது தெரிவதற்குள் உடல் அசைவை இழந்துவிடும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் காற்றுத் துவாரத்தையும் அடைத்துவைக்கும் மலைக் குளியலறையில் இந்தக் கீசரை மாட்டுவது உயிரோடு விளையாடுவது. குளியலறைக்கு வெளியே, திறந்த தாழ்வாரச் சுவரில் மாட்டி, வெந்நீரைக் குழாய் வழியே உள்ளே கொண்டுவாருங்கள். அப்படி மாட்ட இடமில்லை என்றால் இந்த வகையையே விட்டுவிடுங்கள். இதே காரணத்தால், மூடிய அறையில் கரிநெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு தூங்குவதும் கூடாது. கடுங்குளிரில் சிலிண்டருக்குள் வாயு ஆவியாவது மந்தமாகும் என்பதால், சிலிண்டர் தீரும் தறுவாயில் விடிகாலையில் தீ சிறுத்துப் போகலாம்.

விறகுப் பாய்லரைப் பழமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் காய்ந்த கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) விறகும் கைக்கு எட்டும் வீட்டில், பெரிய குடும்பத்துக்கும் விருந்தினர் வந்துபோகும் வீட்டுக்கும் அதற்கு நிகரில்லை. புதியது வாங்கும்போது செம்பா, துருப்பிடிக்காத எஃகா என்ற கேள்வி வரும். செம்பு விரைவில் சூடேறும், ஓட்டை விழுந்தால் பற்றவைக்கலாம், பழையதாகிப் போனாலும் எடைக்கு நல்ல விலை கிடைக்கும்; எஃகு மலிவு. எதை வாங்கினாலும் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. புகைக்குழாய் கூரைக்கு வெளியே போக வேண்டும். தண்ணீர் இல்லாமல் தீ மூட்டக் கூடாது. மூட்டினால் பற்றவைத்த இணைப்புகள் உருகிவிடும். மூன்றாவதுதான் உயிர் சார்ந்தது: பாய்லரைக் குளியலறைக் குழாயோடு இணைக்கும்போது, நீராவி வெளியேறும் மேல்துவாரத்தை ஒருபோதும் அடைக்கவோ அதில் வால்வு பொருத்தவோ கூடாது. அடைத்த பாய்லரின் அடியில் தீ எரிந்தால் அது வெடிக்கும். விறகை மழைக்கு முன்பே வெட்டிக் கூரைக்கடியில் உலர்த்தி வையுங்கள். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும்.

சோலார் ஹீட்டர் இடத்தைப் பொறுத்தது. மழை மறைவுப் பகுதியான மறையூரில் வெயில் தாராளம். அங்கே நான்கு பேருக்கு 100 லிட்டர் கலன் நன்றாக ஓடும். மூணாற்றின் மேற்குச் சரிவில் ஆனி முதல் ஆவணி வரை மேகமும் தூறலும் மூடிக்கிடக்கும்; அங்கே சோலாரைத் துணையாகத்தான் கொள்ள முடியும், அதன் வெதுவெதுப்பான நீரைக் கீசருக்குள் செலுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். உறைபனி விழும் எஸ்டேட்களில், தண்ணீர் நேரே ஓடும் தட்டைத் தகடு வகை உறைந்து வெடிக்கக்கூடும் என்பதால் வெற்றிடக் குழாய் வகையே பொருத்தமானது. தெற்குப் பக்கம் மலைமுகடோ உயர்ந்த மரமோ நிழல் தந்தால் வாங்கும் எண்ணத்தையே கைவிடலாம்.

வாங்கும் இடம் பற்றி ஒன்று. மலைவாசிகள் போடிக்கும் உடுமலைக்கும் அடிமாலிக்கும் இறங்கி வாங்குகிறார்கள். விலை எங்கே குறைவு என்பதைவிட, எந்த ஊர் சர்வீஸ் ஆள் உங்கள் வீடுவரை ஏறி வருவார் என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாநில எல்லையைத் தாண்டியதும் சில நிறுவனங்களின் சர்வீஸ் பகுதி மாறிவிடும். இதைக் கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் ஊரின் பின்கோடைச் சொல்லி உறுதிசெய்து, வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். மின்சாரக் கீசரில் ஐ.எஸ். 2082 என்ற தர எண் இருக்க வேண்டும். நட்சத்திரக் குறி, தொட்டி சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பத்தை வைத்துத் தரப்படுகிறது. ஆகவே நாள் முழுவதும் போட்டுவைக்கும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்த காசை மீட்டுத் தரும், காலையில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு அணைக்கும் வீட்டுக்கு அந்த வேறுபாடு சிறிதுதான்.

மாட்டி முடித்ததும், வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, அதன்மேல் வெந்நீரை விடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். மெக்னீசியக் கம்பியைப் பார்க்க வேண்டிய அடுத்த மாதத்தைக் கீசரின் அடிப்பாகத்திலேயே அழியாத மையால் எழுதிவைத்துவிடுங்கள்.