திரையிலிருந்து இடைவேளை எடுக்கப் பழகுவது எப்படி? முதல் வாரத்துக்கான செய்முறை

ஒரு மணி நேரம் எக்செல் பார்த்துக் களைத்துப்போய், அப்படியே நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிடம் ரீல்ஸ் பார்ப்பதைப் பலர் இடைவேளை என்று நினைக்கிறார்கள். அதில் கண் அதே தூரத்தில்தான் நிற்கிறது, மனத்துக்குள் புதிதாக நாற்பது விஷயங்கள் நுழைகின்றன. எழுந்த பிறகும் களைப்பு தீராததற்கு இதுதான் காரணம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதற்காகத்தான்.

படி 1: இரண்டு நாள் கணக்கு மட்டும்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற பக்கத்தைத் திறங்கள். எல்லோரும் மொத்த மணி நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் போனை எத்தனை முறை எடுத்தீர்கள் என்ற எண்ணைப் பாருங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதும், அதே மூன்று மணி நேரத்தை இரண்டிரண்டு நிமிடமாக 90 முறை செலவழிப்பதும் ஒன்றல்ல. மனம் சிதறுவது இரண்டாவதில்தான். இந்த இரண்டு நாளும் எதையும் மாற்றாமல், எண்ணை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

படி 2: 20 நொடி இடைவேளை

20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் இருப்பதை, 20 நொடி பாருங்கள். பெரும்பாலோர் தவறுவது தூரத்தில். 20 அடி என்றால் ஏறக்குறைய 6 மீட்டர். சாதாரணப் படுக்கையறை 10, 12 அடிதான் இருக்கும், எதிர்ச்சுவரைப் பார்த்தால் போதாது. கிட்டத்தில் பார்க்கும்போது இறுகும் கண்தசை நன்றாகத் தளர அவ்வளவு தூரம் வேண்டும். ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டியையோ தெருமுனை வேப்பமரத்தையோ குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்து முடித்ததும், இமை முழுக்க மூடும்படி பத்து முறை மெதுவாகக் கண் சிமிட்டுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போலச் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கையில் அது பாதிக்கும் கீழே குறையலாம், அதிலும் பல அரைச் சிமிட்டல்கள். கண் எரிச்சலுக்கு இது முக்கியக் காரணம். மின்விசிறியோ ஏசியோ நேராக முகத்தில் அடித்தால் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போடுங்கள்.

படி 3: 5 நிமிட இடைவேளை

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர், தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து உருவாக்கினார். பொமொடோரோ என்ற பெயர் அதனால் வந்தது. இத்தாலிய மொழியில் அதற்குத் தக்காளி என்று பொருள். தொடங்குபவர்களுக்கு இது நல்ல அளவு. கோடிங், கணக்கு போன்ற வேலைகளில் 25 நிமிடத்தில்தான் பிடி கிடைக்கும் என்பதால் அங்கே 50க்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

எழுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: “ஜூன் பில் வரை சரிபார்த்தாச்சு, அடுத்தது ஜூலை.” பாதியில் விட்ட வேலை தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். தாளில் இறக்கி வைத்தால்தான் ஐந்து நிமிடமும் ஓய்வாகும். இந்த ஒரு வரியைத் தவிர்த்துவிட்டு, “இடைவேளை எடுத்தும் பயனில்லை” என்று பலர் கைவிடுகிறார்கள்.

என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் கை போனுக்குத்தான் போகும். கைக்கு வேலை இருக்க வேண்டும், படிக்க எதுவும் இருக்கக் கூடாது: துணி மடிப்பது, கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஒரு மாடி ஏறி இறங்குவது. அலுவலகத்தில் பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறிய டம்ளர் வைத்துக்கொண்டால் அடிக்கடி எழுந்தே ஆக வேண்டும். போன் மேசையிலேயே இருக்கட்டும். அழைப்பு தவறிவிடும் என்ற பயம் இருந்தால் ஒலியைக் கூட்டி வையுங்கள்.

நினைவூட்ட ‘ஸ்ட்ரெச்லி’ என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவியதும் அது 10 நிமிடத்துக்கு ஒரு முறை திரையை மறிக்கும், எரிச்சலில் மறுநாளே நீக்கிவிடத் தோன்றும். சிறு இடைவேளையை 20 நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். இரண்டு சிறு இடைவேளைக்குப் பின் ஒரு பெரியது என்ற அமைப்பை அப்படியே விட்டால் பெரியது மணிக்கு ஒன்றாக வரும். இடைவேளையைத் தவிர்க்கவே விடாத ‘ஸ்ட்ரிக்ட் மோட்’ முதல் வாரம் வேண்டாம்.

படி 4: டைமர்

அழைப்பு, வங்கி, குடும்பம் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை நிறுத்துங்கள். பிறகு அதிகம் இழுக்கும் ஒரே ஒரு ஆப்புக்கு டைமர் வையுங்கள். தினம் 90 நிமிடம் பார்ப்பவர் 75 என்று வைக்கலாம். ஒரேயடியாக 20 என்று வைத்தால் மூன்றாம் நாள் டைமரையே தூக்கிவிடுவீர்கள்.

படி 5: இரவு

தூங்குவதற்கு 45 நிமிடம் முன்பு போனை ஹாலில் சார்ஜில் போடுங்கள். அலாரத்துக்காக என்று அது படுக்கைக்குத் திரும்பி வரும், ஆகவே பேட்டரியில் ஓடும் அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். இரவுக்காகத் திரையின் நிறத்தை மஞ்சளாக மாற்றினால் மட்டும் போதாது. இரவு பத்தரைக்குப் படித்த அலுவலக வாட்ஸ்அப் செய்தி எந்த நிறத்தில் இருந்தாலும் தூக்கத்தைக் கெடுக்கும்.

கவனிக்க

மூன்றாம், நான்காம் நாள் சலிப்பாக இருக்கும், கை தானாகப் பாக்கெட்டைத் தேடும். அது இயல்பு. அன்று 5 நிமிட இடைவேளை மூன்று எடுத்தாலே போதும். விட்டுப்போனவற்றைச் சேர்த்து மாலையில் அரை மணி நேரமாக எடுப்பதில் பலன் இல்லை.

தலைவலி, இரட்டைப் பார்வை தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வோ தூக்கமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இடைவேளையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி மையத்தின் இலவச எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எட்டாம் நாள் அந்தப் பழைய தாளை எடுத்து எண்களை ஒப்பிடுங்கள். மொத்த நேரம் குறையாமல், போனை எடுத்த தடவை மட்டும் குறைந்திருந்தாலும் முறை வேலை செய்கிறது. டைமரில் இன்னும் 10 நிமிடம் குறைத்து அடுத்த வாரத்தைத் தொடங்கலாம்.