இளைத்த குதிரையை வாங்கலாமா: கேட்பவரும் சொல்பவரும் செய்யும் தவறுகள்

போன வருடம் ஆடி மாதம் குடியாத்தத்திலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, ஒரு குதிரை வந்திருக்கு. கொஞ்சம் இளைச்சிருக்கு, அதான் விலை கம்மியா சொல்றாங்க. வாங்கலாமா?" பின்னாலேயே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு முகம் அழகாக இருந்தது. விலா தெரியவில்லை, குளம்பு தெரியவில்லை. முன்னால் நின்று எடுத்த படம்.

என் தாத்தா காட்பாடி ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். அதனால் இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலைந்து முறை என்னிடம் வரும். ஜட்கா போன பிறகு வேலூர்ப் பக்கம் குதிரை மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சாரட் வண்டிக்கும்தான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வருமானம் நின்றால் முதலில் குறைவது குதிரையின் தீவனம். 'கொஞ்சம் இளைத்த குதிரை' அப்போதுதான் விலைக்கு வரும். ஆனை விலை குதிரை விலை என்பார்கள். இளைத்த குதிரை மட்டும் ஆட்டு விலைக்குக் கிடைக்கும்.

இந்தக் கேள்விக்கு வாங்கு, வாங்காதே என்ற இரண்டே பதில்கள்தான் என்று கேட்பவர் நினைக்கிறார். சொல்பவரும் அப்படியே நினைக்கிறார். அது ஏன் இளைத்தது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய தவறு இதுதான், மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

தீவனம் போடாததால் இளைத்திருந்தால், அதை மீட்டுவிடலாம். ஆனால் தீவனம் எதிரிலேயே இருந்தும் குதிரை இளைக்கும். குதிரையின் பல் தேயத் தேய ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருப்பது. மேலும் கீழும் ஒரே சீராகத் தேயாவிட்டால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்தி போலாகி கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அப்படிப்பட்ட குதிரை புல்லை மென்று உருட்டி, விழுங்க முடியாமல் கீழே துப்பும். தீவனத் தொட்டிக்கு அடியில் பாதி மென்ற உருண்டைகள் கிடந்தால் காரணம் வாயில் இருக்கிறது. அரத்தால் ராவத் தெரிந்த கால்நடை மருத்துவர் கிடைத்தால் அந்தக் குதிரை பிழைத்துக்கொள்ளும்.

குடற்புழு இன்னொரு காரணம். சர்ரா என்ற நோய் வேறொன்று. கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ஒட்டுண்ணி ரத்தத்தில் புகுந்துவிடும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், காலிலும் அடிவயிற்றிலும் நீர் கோக்கும், எவ்வளவு தின்றாலும் உடம்பு தேறாது. ரத்தப் பரிசோதனை செய்யாமல் யாரும் இதைக் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. சில பெட்டைக் குதிரைகள் சினையாக இருந்து இளைத்திருக்கும். குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். அப்படியானால் நீங்கள் வாங்குவது இரண்டு உயிர், ஒன்றுக்குப் போடும் தீவனக் கணக்கு போதாது.

கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூக்கில் கெட்டியான சளி, தோலில் கட்டிகளும் ஆறாத புண்களும், கூடவே உடல் மெலிவு. இது மனிதருக்கும் தொற்றும், உயிரைக் குடிக்கும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனையைச் செய்கிறது. இருப்பது உறுதியானால் அந்தக் குதிரையைக் காப்பாற்ற வழியில்லை. மூக்கொழுகும் இளைத்த குதிரையை 'சளிதான், சரியாயிடும்' என்று யாராவது சொன்னால், அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய குதிரை நன்றாகவே தெரிந்தாலும் குறைந்தது 3 வாரம் மற்ற குதிரைகளோடு சேர்க்காமல், தண்ணீர்த் தொட்டியையும் தனியாக வைப்பது நல்லது.

யாரிடம் கேட்கிறோம் என்பதில் நடக்கும் தவறு

பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில் மாடு பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நடையைப் பார்த்தே எத்தனை ஈத்து என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துப்போய்க் குதிரையைக் காட்டுவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. அவர் நல்ல மனதோடுதான் வருகிறார். ஆனால் கறவை மாட்டுக்கு இடுப்பெலும்பு துருத்தி நிற்பது இயல்பு. அந்தக் கண்ணோடு குதிரையைப் பார்த்தால் 'பரவாயில்லையே' என்றுதான் தோன்றும். வேறுபாடு வெளித்தோற்றத்தோடு நிற்பதில்லை. மாடு அசைபோடும், குதிரைக்கு இருப்பது ஒரே சிறிய இரைப்பை. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டால் வயிற்று வலியில் உருண்டு சில மணி நேரத்தில் செத்தே போகலாம்.

அடுத்து தரகர். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவருக்கு விற்பனை முடிந்தால்தான் தரகுப் பணம். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'வாங்கலாமா' என்ற கேள்வியை அவரிடம் கேட்கக் கூடாது. எத்தனை கை மாறி வந்தது, போன மாதம் யாரிடம் இருந்தது என்பதையெல்லாம் கேளுங்கள். அது அவருக்குத் தெரியும்.

உடம்பில் மயிர்ச்சுழிகள் ராசியான இடத்தில் இருக்கின்றன என்று சொல்லும் 'சுழி சுத்தம்' என்ற சொல்லுக்கும் இங்கே பெரிய மதிப்பு. சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் அந்தச் சொல்லிலேயே மனசு நிறைந்துபோனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கவும் குளம்பைத் தூக்கிப் பார்க்கவும் தோன்றாமல் போகிறது. இளைத்த உடம்பில் சதை ஏற்றிவிடலாம், கெட்ட குளம்பை மாற்ற முடியாது. சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பாருங்கள். முன்னங்கால் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். வலி மருந்து கொடுத்து நிறுத்தியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் இன்னொரு முறை போக வேண்டும்.

கேட்பவர்கள் செய்யும் இன்னொரு காரியம் எனக்கு வருத்தம் தருவது. முன்பணம் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் வந்து 'வாங்கலாமா' என்பார்கள். பத்துப் பேரிடம் கேட்டு, பதினோராவது ஆள் 'வாங்கு' என்றதும் அவர் பேச்சை எடுத்துக்கொள்வார்கள். முன்பணம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் பேச வேண்டியதே வேறு: எப்படிக் கொண்டுவருவது, முதல் வாரம் என்ன போடுவது, எந்த டாக்டர். மறைத்துக் கேட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

படம் அனுப்புவதென்றால் சமதரையில் பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, நான்கு குளம்பும், திறந்த வாயும், சாணமும். அது தின்னும்போது ஒரு வீடியோ. குதிரை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று மதிப்பிட, 1983இல் அமெரிக்காவில் ஹென்னெகி என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கழுத்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வால் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். 1 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் அளவான உடம்பு. 'கொஞ்சம் இளைச்சிருக்கு' என்பது ஆளுக்கு ஆள் மாறும். '2 இருக்கும்' என்றால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே படம் மனதில் வரும்.

என் யோசனையால் செத்த குதிரை

இப்போது சொல்பவர்கள் பக்கம். இதில் என் தவறையே முதலில் வைக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் அணைக்கட்டில் ஒரு நண்பர், திருவண்ணாமலை தீபத் திருவிழாச் சந்தையில் ஒரு பழுப்பு நிறப் பெட்டைக் குதிரையை வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தார். முதுகெலும்பு கத்தி போல நின்றது. என்ன போடலாம் என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, "கொள்ளு வேக வைத்து, வெல்லம் கலந்து, தவிட்டோடு வயிறு நிறையப் போடுங்க" என்றேன். தாத்தா அப்படித்தான் போட்டார் என்பது என் சான்று. குதிரை ஆசையாகத் தின்றது. நான்காம் நாள் காலையில் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

வந்து பார்த்த மருத்துவர் பிறகு விளக்கினார். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்துத்தான் உயிர் வாழ்ந்திருக்கும். அதற்குள் திடீரென மாவுச்சத்தும் சர்க்கரையும் போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். தீவனம் போடத் தொடங்கிய சில நாளிலேயே சாவு வரலாம். தாத்தா கொள்ளு போட்டது தினமும் வேலை செய்த, உடம்புள்ள குதிரைக்கு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் வீட்டிலேயே சொல்வார்கள். மனிதருக்குச் சொன்னதுதான், ஆனாலும் அன்றைக்கு அது நினைவுக்கு வந்து என் வாயை அடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, என்னதான் போடுவது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன முறையில் தீவனம் குதிரைமசால். நம் ஊரில் மாட்டுக்குப் பயிரிடும் அதே குதிரைமசால்தான். மாவுச்சத்து குறைவு, புரதமும் பாஸ்பரசும் மெக்னீசியமும் அதிகம். பெரிய குதிரைக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ அளவு காய்ந்த குதிரைமசால், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் மூன்று நாள். நம் பக்கத்துச் சிறு குதிரைகளுக்கு இன்னும் குறைவு. பிறகு பத்து நாள் வரை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்கட்டும். தானியம், வெல்லம், தவிடு எதுவும் அந்தப் பத்து நாளில் வேண்டாம். பசியோடு கத்தும் குதிரைக்கு ஒரு கைப்பிடி போட்டுவிட்டு நகர்ந்துபோவது மனசுக்கு மிகவும் கஷ்டம். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

'கோழித் தீவனம் போடு, சீக்கிரம் சதை வைக்கும்' என்று சொல்பவரையும் பார்த்திருக்கிறேன். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சில கோழித் தீவனங்களில் மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்துக்கு விஷம். அதேபோல மாட்டுக்கான குடற்புழு ஊசியைப் போனிலேயே அளவு சொல்லிப் போடச் சொல்வதும் ஆபத்து. இளைத்த குதிரைக்குப் புழு மருந்து எப்போது, எது, எவ்வளவு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். டெட்டனஸ் ஊசியையும் அவரிடம் கேளுங்கள், அந்த நோய்க்குக் குதிரை மிக எளிதில் பலியாகும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். பெரிய சிகிச்சை வேண்டுமானால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அடுத்த தவறு திட்டுவது. "இந்த எலும்புக்கூட்டையா வாங்கப் போறே, அறிவிருக்கா?" என்று ஒருவர் சொன்னால், கேட்டவன் குதிரையை வாங்காமல் இருக்க மாட்டான். உங்களிடம் கேட்பதைத்தான் நிறுத்துவான். நடுராத்திரி இரண்டு மணிக்குக் குதிரை வயிற்று வலியில் உருளும்போது யாரைக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியாது. மாறாக, 'பாவம், வாங்கிக் காப்பாத்துங்க' என்று உருகுவதும் சரியில்லை. தேற்ற எத்தனையோ மாதம் ஆகும். தீவனமும் லாடமும் மருந்தும் சொன்னவர் பையிலிருந்து வரப்போவதில்லை.

இரக்கத்தோடு வாங்குகிறவர் யோசிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பட்டினி போட்டவருக்கே பணம் கொடுத்தால், அந்தப் பணத்தில் அவர் அடுத்த குதிரையை வாங்கி அதையும் பட்டினி போடலாம். தீவனம் தராமல் வைத்திருப்பதும், நோய்ப்பட்ட விலங்கை வேலை வாங்குவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வேண்டுமென்றே வதைப்பவர் என்று தெரிந்தால் போலீசில் புகார் கொடுங்கள். வருமானம் நின்று தவிக்கிற குதிரைக்காரராக இருந்தால், ஆடி முடியும் வரை தீவனத்துக்கு உதவினால் குதிரை அவரிடமே பிழைத்துக்கொள்ளும். நான் பார்த்த அளவில் பாதிப் பேர் இந்த இரண்டாம் வகைதான்.

சித்தப்பா மகனிடம் அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். முன்பணம் கொடுத்தாயிற்றா? சாணம் எப்படி இருக்கிறது? எதிரில் தின்றதா? விற்பவர் யார்? முன்பணம் கொடுத்திருந்தான். விற்பவர் சாரட் ஓட்டும் ஒரு பாய். இரண்டு மாதமாக வைக்கோல் மட்டும்தான் போட முடிந்தது என்று மறைக்காமலே சொல்லியிருக்கிறார். டாக்டரை அழைத்துப்போய்ப் பல்லும் ரத்தமும் பார்க்கச் சொன்னேன். பல் ராவ வேண்டியிருந்தது, ரத்தத்தில் ஒன்றுமில்லை. வாங்கினான்.

ஒரு தையல் டேப் வாங்கி வைக்கச் சொன்னேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். வந்த அன்று சுற்றளவு 130, நீளம் 125, அதாவது 178 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து, சாணத்தின் படத்தோடு சேர்த்து அனுப்புவான். ஐப்பசி கடைசியில் சுற்றளவு 138 வந்தது. 200 கிலோ. அந்தப் படத்தைப் பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தான்.