தத்தெடுக்கத் தாயகம் வருவோர் காதணி விழாவுக்குத் தேதி குறிக்காதீர்கள்

வெளிநாட்டில் வாழும் தம்பதியர் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால், ‘காரா’ எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவு செய்வது, இல்ல ஆய்வறிக்கை பெறுவது போன்றவற்றுக்கு அவர்கள் வாழும் நாட்டிலுள்ள அங்கீகாரம் பெற்ற அமைப்பே வழிகாட்டிவிடும். காராவின் தடையில்லாச் சான்று கிடைத்து, குழந்தை கைக்கு வந்த பிறகும் சட்டப்படி உங்கள் பிள்ளையாகாமல் இருக்கும் அந்த இடைப்பட்ட காலத்தைச் சொந்தபந்தங்களுக்கு நடுவே எப்படிக் கழிப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

முன்பு நீதிமன்றம் வழங்கிய தத்தெடுப்பு ஆணையை, 2021ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பின், மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அந்த ஆணை வரும் வரை குழந்தை, ‘தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு’ என்ற ஏற்பாட்டின் பேரில்தான் உங்களிடம் இருக்கும். இதை ஊரில் புரிய வைப்பது கடினம். தூக்கி வைத்திருக்கும் குழந்தையை ‘இன்னும் எங்களுடையது ஆகவில்லை’ என்று சொன்னால், பெரியவர்கள் அதை அபசகுனமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் திண்டுக்கல் பக்கத்தில் என் ஊர் வீட்டில் தங்கியிருந்தோம். குழந்தை வந்த மறுநாளே பெரியப்பா, குலதெய்வக் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்திவிட வேண்டும் என்று நாள் பார்த்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க என் மைத்துனரும் தயாராக இருந்தார். தத்துக்கு உரிய குழந்தைகளைப் பராமரிக்கும் தத்துவள மையத்தின் சமூகப் பணியாளரிடம் கேட்டபோது, ஆணை வரும் முன் அப்படி எதுவும் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைப் பெரியப்பா ஏற்கவில்லை. பங்காளிகளைக் கூட்டிப் பேசினார். பேச்சு காதணி விழாவிலிருந்து வேறு இடத்துக்குப் போனது. “என்ன ஆளுகன்னு தெரியாம சாமி முன்னால எப்படிப்பா உட்கார வைக்கிறது? ஹோம்ல கேட்டுச் சொல்லு” என்றார்.

அதை நான் கேட்கப்போவதில்லை என்றேன். குழந்தையின் பூர்வீகத்தைத் தேடும் உரிமை, வளர்ந்த பின் அந்தக் குழந்தைக்கு உண்டு. மூன்றாம் நபர் தேடுவதற்கு 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இடம் தருவதில்லை. இதைச் சொன்னதும் அவர் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், எங்கள் வீட்டுத் தலைக்கட்டு வரி நோட்டை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். நான் விமானம் ஏறிய ஆண்டிலிருந்து என் பெயருக்கு எதிரே அவர் கையெழுத்து இருந்தது. என் அப்பா இறந்தபோது நான் வந்து சேர்வதற்குள் கொள்ளி வைத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் மறுத்துப் பேசுவது எந்த அலுவலகத்தில் நிற்பதைவிடவும் கடினமானது; ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும். குழந்தையின் சாதி ஊகமாகக்கூட ஒருமுறை பங்காளிகள் வாயில் விழுந்துவிட்டால், அது அந்தப் பிள்ளையின் திருமணம் வரை கூடவே வரும். உங்களுக்கும் ஊரில் வரி பாக்கி இருந்தால், குழந்தையைப் பெறுவதற்கு முன்பே வந்து கட்டி, உங்கள் கையால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பெரியப்பா எங்களை வழியனுப்ப வரவில்லை.

ஆகவே, இயன்றால் மையம் இருக்கும் ஊரிலேயே ஒரு வீடு எடுத்துத் தங்குங்கள். உள்ளூர்ப் பண்பாட்டை அனுபவிக்க வேண்டும் என்று கோவில் கோவிலாகச் சுற்றுவதைவிட, குழந்தையை அதுவரை வளர்த்த ஆயாவுடன் நாலைந்து நாள் உட்கார்ந்திருப்பது மேல். எங்கள் மகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, சத்துமாவுக் கஞ்சியை வெல்லம் போட்டுக் கிண்டி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகே ஊட்டுவார். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டி, கன்னத்தில் பொட்டு வைத்துக் காலில் போட்டு ஆட்டுவார். அந்த ஆட்டம் இல்லாமல் அவள் தூங்கியதே இல்லை. இதை என் மனைவி பார்த்துப் பழகியதால்தான் முதல் இரவைக் கடக்க முடிந்தது. ஆயா பாடும் தாலாட்டைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேளுங்கள்.

குழந்தையின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட யாரையும் விடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. ‘இவ்வளவு காலம் ஏன் காத்திருக்கிறாய், எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள்’ என்று பரிவோடு வரும் உறவினரிடமிருந்து உடனே விலகுங்கள். முறைக்குப் புறம்பாகக் குழந்தையைக் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் அதே சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு; விலை கொடுத்து வாங்குவதற்கான தண்டனை அதைவிடக் கடுமையானது.

ஆட்சியரின் ஆணை கைக்கு வந்ததும், அந்த அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் அதை ஒட்டியே வரும். நம் ஊர் வழக்கப்படி இனிஷியல் மட்டும் இருந்தால் கடவுச்சீட்டுக்கு உதவாது. தந்தை பெயர் முழுமையாக, உங்கள் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துகளில் இருக்க வேண்டும்.